சிகாகோ சிலையில் இருப்பது டு சாபிளின் நிஜ முகமா?

சிகாகோவின் மிச்சிகன் அவென்யூ பாலத்தருகே, பயனியர் கோர்ட்டில் உள்ள வெண்கல மார்பளவுச் சிலையின் படத்தோடு ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. நகரின் முதல் நிரந்தரக் குடியேறியான கருப்பினத்தவர் ஜான் பாப்டிஸ்ட் புவான் டு சாபிள் உயிரோடு இருந்தபோது வரைந்த ஓவியத்தைப் பார்த்து அதைச் செய்தார்களாம்.

அது தவறு. டு சாபிள் இறந்தது 1818-இல். அவர் வாழ்ந்த காலத்து ஓவியம் எதுவும் கிடைக்கவில்லை. அவருடைய ஓவியம் என்று பலரும் பகிரும் படம் 1884-இல் வந்த ஒரு நூலில் இருந்தது, கற்பனையாக வரைந்தது. சிலை வைத்ததோ 2009-இல்.

அவரை "அழகானவர், நன்கு படித்தவர்" என்று பிரிட்டிஷ் அதிகாரி டி பேஸ்டர் எழுதியிருக்கிறார். அதை வைத்து முகத்தை வரைய முடியுமா என்ன? 1800-இல் அவர் சொத்தை விற்ற பத்திரமோ வீடு, கொட்டகை, மாவு மில், பால்பண்ணை என்று எல்லாவற்றையும் அடுக்குகிறது. கோழிக்கூடுகூட பதிவாகிவிட்டது, முகம்தான் இல்லை!

நினைவுச்சின்னம் உண்மையானது, அவர் அங்கே வாழ்ந்ததும் உண்மை. அந்த இடம் 1976 முதல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னம். சந்தேகம் இருந்தால் சிகாகோ கலைக்களஞ்சியத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். 'நிஜ முகம்' என்ற அந்த ஃபார்வர்டை மட்டும் இனி அனுப்ப வேண்டாம்.