யோசிக்கிற இடத்தை ஏன்யா வெட்டுறீங்க?

போக்கிமான் மாதிரி, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அடிக்கிற டர்ன் முறை கேம்களை ஆடித் தமிழ்ல வீடியோ போடுறவங்களைத்தான் சொல்றேன். "ஸ்ட்ராட்டஜியோட முழு கேம் கமென்ட்ரி"ன்னு தலைப்பு வைக்கிறாங்க. ஒவ்வொரு பகுதியும் அரை மணி நேரம். ஊருக்கு ஊர் நிக்கிற பெரிய எதிராளியான ஜிம் லீடரோட சண்டை ஆரம்பிக்குது, ரெண்டாவது அடியிலயே நம்ம ஆள் பிடிச்சு வளர்க்கிற போக்கிமான் சுருண்டு விழுது, உடனே ஒரு கட். அடுத்த காட்சியில மொத்த டீமும் எட்டு லெவல் ஏறி நிக்குது. "ஆஃப் ஸ்கிரீன்ல கொஞ்சம் டிரெயின் பண்ணிட்டு வந்துட்டேன் நண்பர்களே"ன்னு ஒரே வரி. அப்புறம் ரெண்டு அடி, லீடர் காலி. "பார்த்தீங்கல்ல, இப்படித்தான் இவங்களை ஜெயிக்கணும்!"

என்னத்தைப் பார்த்தோம்? எதுக்குத் தோத்தீங்கன்னு சொல்லல. முதல்ல எந்த டீமோட போனீங்க, எந்த டர்ன்ல சண்டை கைவிட்டுப் போச்சு, எதை மாத்தினீங்க, ஏன் மாத்தினீங்க, ஒண்ணுமே சொல்லல. எனக்கு இது ஒரு நாள் கோபம் இல்ல. ராத்திரி சாப்பிட்டுட்டு ஒரு பகுதி பார்ப்போம்னு உட்கார்ற ஒவ்வொரு தடவையும் இதேதான் நடக்குது.

வேற வகை கேம்ல இப்படி வெட்டினா நான் கண்டுக்கவே மாட்டேன். சுடுற கேம்ல கை வேகத்தைப் பார்க்கலாம், ரேஸ்ல வளைவுல வண்டியைத் திருப்புறதைப் பார்க்கலாம். டர்ன் முறைச் சண்டையில கண்ணுக்குன்னு என்ன இருக்கு? ரெண்டு உருவம் எதிரெதிரா நிக்குது, கீழ நாலு மூவ், அதாவது அடிக்கிற வழி, உள்ள ஒரு கட்டம். நீங்க பட்டனை அமுக்குற வரைக்கும் கேம் காத்துக்கிட்டே இருக்கும், பத்து நிமிஷம் ஆனாலும் காத்திருக்கும். அந்த நேரத்துல மண்டைக்குள்ள என்ன ஓடுதோ அதுதான் மொத்த ஆட்டமும். அதை எடுத்துட்டா மிச்சம் பட்டன் சத்தம்தான். அதிரசம் செய்யுற வீடியோவுல பாகுப் பதத்தை மட்டும் வெட்டிட்டு, அரிசியையும் சுட்ட அதிரசத்தையும் காட்டினா ஏத்துக்குவீங்களா?

ஒரே ஒரு சண்டையை எடுத்துக்குவோம். போக்கிமான் கோல்ட், சில்வர், 1999ல ஜப்பான்ல வந்த கேம். கோல்டன்ராட் ஊர்ல மூணாவது ஜிம் லீடர் விட்னி. அவகிட்ட 20ஆம் லெவல்ல மில்டேங்க்னு மாடு மாதிரி ஒரு போக்கிமான். இருபத்தஞ்சு வருஷம் தாண்டியும் அந்த மாட்டை நினைச்சா பல பேருக்கு வயிறு கலங்கும். ஏன்னா அதுகிட்ட இருக்கிற நாலு மூவும் ஒண்ணுக்கொண்ணு முட்டுக்கொடுத்து நிக்குது. உருண்டு வந்து மோதுற ரோல்அவுட் முதல் அடியில 30 பவர், அடுத்தது 60, 120, 240, அஞ்சாவது அடி 480. அட்ராக்ட் போட்டா எதிர்ப்பால் போக்கிமான் மயங்கிப் பாதி நேரம் அடிக்காம நிக்கும். மில்டேங்க் எப்பவும் பெண். நாம ஆரம்பத்துல வாங்குற ஸ்டார்ட்டரோ எட்டுக்கு ஏழு வாய்ப்புல ஆண். ஸ்டாம்ப் அடிச்சா நம்ம ஆள் சில நேரம் மிரண்டு டர்னைத் தொலைக்கும். ரத்தம் குறைஞ்சா மில்க் டிரிங்க், பாதி ஹெச்பி திரும்ப வந்துடும். அதனால செல்லப் பிள்ளையா ஒரே ஸ்டார்ட்டரை வளர்த்துட்டு வர்றவன் அங்க மண்ணைக் கவ்வுறான்.

இப்போ இதுக்குள்ள எவ்வளவு அழகான வழி இருக்கு பாருங்க. ரோல்அவுட் ஆரம்பிச்சா அந்த அஞ்சு டர்னும் மில்டேங்க் அந்த மூவுலயே மாட்டிக்கிட்டிருக்கும், நடுவுல பால் குடிக்க முடியாது. அதாவது அது பயங்கரமா உருள்ற நேரம்தான் நாம தைரியமா அடிக்க வேண்டிய நேரம். இந்த கேம்ல ஒவ்வொரு போக்கிமானுக்கும் அடிக்கும் ஒரு வகை, அதாவது டைப், உண்டு; ரோல்அவுட் ராக் டைப். அந்த ராக் அடியைப் பாதியா வாங்குற ஒருத்தர் வேணும். ஜியோடூட்ங்கிற போக்கிமான் கிரவுண்ட் டைப்பும் சேர்ந்ததால ரோல்அவுட் பாதிதான் ஏறும், ராக் டைப்பா இருக்கிறதால ஸ்டாம்பும் பாதிதான். பெண் ஜியோடூட்டா பிடிச்சுட்டா அட்ராக்ட்டும் செல்லாது. நாலுல மூணு மூவ் பல்லைப் புடுங்கின மாதிரி ஆயிடுது! அதுக்கும் மேல, முதல் ஜிம்ல ஃபால்க்னரை ஜெயிச்சதும் மட்-ஸ்லாப் மூவைக் கத்துக்குடுக்கிற டிஎம்மைக் கையில குடுத்துடுறான். அதை அடிச்சா எதிராளியோட குறி தப்ப ஆரம்பிக்கும். ரோல்அவுட் ஒரு தடவை தப்பினா கணக்கு திரும்ப 30ல இருந்துதான். அதே கோல்டன்ராட் ஊர் கடையோட அஞ்சாவது மாடியில ஒருத்தர் நின்னுக்கிட்டு ட்ரௌஸி குடுத்தா மச்சாப் தர்றேங்கிறாரு. ஊருக்குக் கீழ 34ஆம் ரூட்லயே ட்ரௌஸி வரும். மச்சாப் சண்டை டைப், நார்மல் டைப் மில்டேங்குக்கு ரெட்டை அடி, ராக் அடியும் அதுக்குப் பாதிதான். கேமைச் செஞ்சவங்க பூட்டைப் போட்டு, சாவியை நாம நடந்து வர்ற வழியிலயே மூணு இடத்துல வச்சிருக்காங்க.

இதைப் பேச எவ்வளவு நேரம் ஆகும்? ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷம் இல்லாத கமென்ட்ரியை நான் எத்தனையோ பார்த்துட்டேன்.

என் அக்கா பையன் ஏழாவது படிக்கிறான். என் பழைய 3டிஎஸ் கேம் பெட்டியில சில்வர் ஆடிக்கிட்டிருந்தவன் விட்னிகிட்ட மாட்டிக்கிட்டான். கேம்ல தமிழ் கிடையாது, இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அதனால தமிழ்ல யாராவது சொல்லித் தர்றாங்களான்னு தேடி ஒரு வீடியோ பார்த்திருக்கான். அதுக்கப்புறம் லீவு முழுக்க அதே புல்லுக்குள்ள சுத்திச் சுத்தி வந்தான். "என்னடா பண்றே?"ன்னு கேட்டேன். "28ஆம் லெவல் வரைக்கும் ஏத்தணும் மாமா. அந்த அண்ணா அப்படித்தான் சொன்னாரு." அந்தப் பக்கம் வர்றதெல்லாம் குட்டி லெவல் போக்கிமான். எத்தனை அடிச்சாலும் சொட்டுச் சொட்டாத்தான் எக்ஸ்பீரியன்ஸ் ஏறும். நான் ஜியோடூட் விஷயத்தைச் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள, "இந்த கேம் போர் மாமா"ன்னு மூடி வச்சுட்டுப் போயிட்டான். எனக்கு அது இன்னும் ஆறல. யோசிக்கிறதுல உள்ள ருசியை ஒரு பையன் நாக்குல வைக்கறதுக்கு முன்னாடியே தட்டைப் பிடுங்கிட்டாங்க.

சரி, யோசனை சொல்றவங்களாவது சரியாச் சொல்றாங்களா? அங்கதான் எனக்கு ரெண்டாவது தடவை ரத்தம் கொதிக்குது. எந்த வருஷத்து கேம் ஆடுறோம்னே பார்க்காம எந்த டைப் எதுக்கு ஏறும்ங்கிற டைப் சார்ட்டை மனப்பாடமா ஒப்பிக்கிறாங்க. 2004ல வந்த போக்கிமான் ஃபயர்ரெட்ல, சாஃப்ரான் ஊர்ச் சண்டைக்கூடத்துல ஹிட்மான்லீ, ஹிட்மான்சான்னு ரெண்டு போக்கிமான்ல ஒண்ணைத்தான் எடுக்க முடியும். "கண்ணை மூடிட்டு சானை எடுங்க, ஃபயர் பஞ்ச், ஐஸ் பஞ்ச், தண்டர் பஞ்ச் மூணும் வரும், எல்லா டைப்புக்கும் பதில் இருக்கு"ன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றாரு. தப்பு! 2006ல டைமண்ட், பேர்ல் வர்ற வரைக்கும் ஒரு அடி எந்த ஸ்டாட்ல, அதாவது அட்டாக்லயா ஸ்பெஷல் அட்டாக்லயா, கணக்காகும்னு தீர்மானிச்சது அதோட டைப். தீ, பனி, மின்சாரம் எல்லாமே ஸ்பெஷல். ஹிட்மான்சானோட அட்டாக் 105, ஸ்பெஷல் அட்டாக் வெறும் 35. பார்க்கக் குத்து மாதிரி இருக்கும், ஏறாது. அவர் பேச்சைக் கேட்டு எடுத்தவன் கடைசி நாலு பெரிய எதிராளிங்களான எலைட் ஃபோர்ல போய் நின்னு, ஐஸ் பஞ்ச் ஏன் டிராகனைச் சாய்க்க மாட்டேங்குதுன்னு குழம்புவான். அந்தக் குழப்பத்துக்கு யார் பொறுப்பு?

இதே மாதிரி பிளாட்டினம்ங்கிற பழைய போக்கிமான் கேம் ஆடிக்கிட்டு, ஸ்டீல் டைப் மேல கோஸ்ட் அடி "நல்லாவே ஏறும்"ங்கிறாங்க. 2013ல எக்ஸ், வொய் வந்தப்பதான் ஸ்டீல் அந்தத் தாங்கும் சக்தியை இழந்துச்சு. அதுக்கு முன்னால கோஸ்ட்டும் டார்க்கும் ஸ்டீல் மேல பாதிதான். மைக் முன்னால உட்கார்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பார்த்தா தெரிஞ்சுடும். பார்க்கல, அவ்வளவுதான்.

எதிராளி செய்யுறது புரியலைன்னா உடனே அது முட்டாள்னு சொல்லிடறது அடுத்த வியாதி. 2021ல வந்த பிரில்லியன்ட் டைமண்ட்ல சாம்பியன் சிந்தியாவோட மைலோட்டிக், கையில ஃப்ளேம் ஆர்ப் வச்சுக்கிட்டு வரும். டர்ன் முடிஞ்சதும் அது தன்னைத்தானே எரிச்சுக்கும். ஒரு வீடியோவுல அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, "கம்ப்யூட்டருக்கு மூளையே இல்ல"ன்னு. அடுத்த டர்ன் இவங்க அடி பாதிகூட ஏறல, அதுக்கு "பேட் லக்"காம்! மைலோட்டிக்கோட தனித் திறனான மார்வெல் ஸ்கேல், உடம்புல ஏதாவது கோளாறு இருந்தா டிஃபென்ஸை ஒன்றரை மடங்காக்கும். ஏற்கெனவே எரிஞ்சுக்கிட்டிருக்கிறதை நீங்க தூங்க வைக்கவும் முடியாது, பாராலிசிஸும் போட முடியாது. ஒரே பொருள்ல மூணு கதவை அடைச்சிருக்கா சிந்தியா. போக்கிமான் கதைச் சண்டைகள்லயே இவ்வளவு நுணுக்கமா யோசிச்சு வச்ச டீம் ரொம்பக் கம்மி. நின்னு கைதட்ட வேண்டிய இடம் அது.

மறைக்கிறதும் இருக்கே, அதை என்ன சொல்ல. ஷின் மெகாமி டென்செய் 3 நாக்டர்ன்ங்கிற இன்னொரு டர்ன் முறை கேமோட ரீமாஸ்டர்ல மெர்சிஃபுல்னு ஒரு சுலப மோட் உண்டு. அதுல ஆடறது தப்பே இல்ல. கதை தெரிஞ்சுக்க ஆசைப்படறவங்க, நேரம் இல்லாதவங்க தாராளமா ஆடட்டும். ஆனா அந்த மோட்ல மேட்டடார்ங்கிற பெரிய எதிராளியை ஊதித் தள்ளிட்டு, மோட் பேரைச் சொல்லாம "இந்த டீம் போதும், எல்லாரும் சும்மா பயமுறுத்துறாங்க"ன்னா எப்படி? நார்மல் மோட்ல அந்த எலும்புக்கூடு, அடியில இருந்து தப்புற திறனை ஏத்துற ரெட் கபோட்டே மூவைப் போட்டுச்சுன்னா நம்ம அடி பாதிக்கு மேல காத்துலதான் போகும். அந்த கேம்ல ஒரு அடி தப்பினா ரெண்டு டர்ன் போச்சு. நாலு பேர் டீம்ல ரெண்டு பேர் தப்பினா மிச்ச ரெண்டு பேருக்கு வாய்ப்பே கிடையாது, எதிராளி ஆட்டம் ஆரம்பம். அதனாலதான் அங்க பலத்தைவிடக் குறி முக்கியம். ஃபாக் பிரெத் அடிச்சு அதோட தப்புற திறனைக் கீழ இறக்கணும், அது அடிக்கிற ஃபோர்ஸ், அதாவது காத்து வகை அடி, ஏறாத டீமனைக் கூட்டாளியாக் கூட்டிட்டுப் போகணும். இதைத்தான் அந்தச் சண்டை சொல்லிக் குடுக்குது. அங்க கத்துக்கலைன்னா மிச்ச கேம் முழுக்க அடிதான்.

கம்ப்யூட்டர்ல கேம் ஓட்டுற எமுலேட்டர்ல டர்னுக்கு டர்ன் சேவ் ஸ்டேட் போட்டு, கிரிட்டிக்கல்ங்கிற அதிர்ஷ்ட அடி விழுற வரைக்கும் திரும்பத் திரும்ப ஏத்தி, விழுந்ததை மட்டும் காட்டுறவங்களைப் பத்திப் பேசவே எனக்கு இஷ்டமில்ல. 2019ல வந்த ஸ்வோர்ட், ஷீல்டுல எக்ஸ்பீரியன்ஸ் ஷேரை, அதாவது சண்டை போடாத போக்கிமானுக்கும் எக்ஸ்பீரியன்ஸ் போறதை, அணைக்கவே முடியாது. சும்மா நடந்தாலே மொத்த டீமும் லீடரைத் தாண்டிடும். அதையாவது வாய்விட்டுச் சொல்லலாம்ல?

ஒழுங்கா செய்யுறவங்க இருக்காங்க, அதனாலதான் இன்னும் கோபம் வருது. 2010ல ஒரு வெப் காமிக்ல தொடங்கின நஸ்லாக் சவாலை எடுத்துக்கோங்க. விழுந்த போக்கிமான் செத்ததுக்குச் சமம், ஒரு ஏரியாவுல முதல்ல வர்றதை மட்டும்தான் பிடிக்கலாம். அதோட, அடுத்த லீடரோட உச்ச லெவலைத் தாண்டக்கூடாதுன்னு பல பேர் தனக்குத்தானே கட்டுப்பாடு போட்டுக்கிறாங்க. அப்படி ஆடறவங்கள்ல நல்லவங்க ஒவ்வொரு டர்னும் நிறுத்திப் பேசுவாங்க. ஒரு அடியோட டேமேஜ் 85லிருந்து 100 சதவீதம் வரைக்கும் பதினாறு படியில எதுவா வேணும்னாலும் விழலாம். "குறைஞ்ச படியில விழுந்தா இவன் சாவானா? அவன் கிரிட்டிக்கல் அடிச்சா நான் தாங்குவேனா? தாங்கலைன்னா யாரை உள்ள விடுறது?"ன்னு வாய்விட்டுக் கணக்குப் போடுவாங்க. தோத்தாலும் அப்படியே போடுவாங்க. முக்கால் மணி நேரம் ஒரே சண்டையை இமைக்காம பார்த்திருக்கேன்.

கேட்டா, "அதையெல்லாம் போட்டா வியூயர்ஸ் ஓடிடுவாங்க ப்ரோ"ங்கிறாங்க. ஓடட்டுமே! குகைக்குள்ள அடிக்கொரு தரம் வர்ற ஜூபேட்டை ஒவ்வொண்ணா அடிக்கிறதை முழுசா காட்டுறீங்க, அதுக்கு யாரும் ஓடலையா? போக்கிமானுக்குப் பேர் வைக்க அஞ்சு நிமிஷம், பெல் பட்டனுக்கு ஒரு நிமிஷம், விட்னிகிட்ட தோத்ததுக்கு மட்டும் இடமில்லையா? லெவல் ஏத்திட்டுப் போய் ஜெயிக்கிறதும் ஒரு வழிதான், அதைத் தாராளமா செய்யுங்க. "லெவல் ஏத்தி ஜெயிச்சேன்"னு தலைப்புல போட்டுட்டுச் செய்யுங்க. ஸ்ட்ராட்டஜின்னு போட்டீங்கன்னா, தோத்த சண்டையைப் போடுங்க. எந்த மோட், எந்த வருஷத்து விதி, எந்த லெவல்னு முதல் நிமிஷத்துலயே சொல்லுங்க. கட்டத்துல நாலு மூவ் நிக்கிறப்போ கர்சரை அப்படியே நிறுத்திட்டு, மூணை ஏன் வேண்டாம்னு விட்டீங்கன்னு பேசுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் உட்கார்ந்து கேட்கிறேன்.