லோமெ என்பது வெறும் இருட்டு இல்லை

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், தன் கதைகளில் வரும் எல்ஃப் என்ற கற்பனை இனத்துக்காக உருவாக்கிய மொழிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், இருளுக்கு அங்கே என்ன சொல் என்ற கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில் 'மொர்'. மொர்டோர் கறுப்பு நாடு, மொரியா கறுப்புப் பாதாளம், மொர்கொத் கறுப்புப் பகைவன். சரிதான், மூன்றுமே உண்மை. ஆனால் அதிலிருந்து 'எல்ஃப்களுக்கு இருள் என்றாலே தீமை' என்று தாவிவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அந்த மொழியில் நான் அதிகம் நேசிக்கும் சொற்களில் ஒன்று இருளுக்கு உரியது. அதில் அச்சத்தின் சாயல்கூடக் கிடையாது. அந்தச் சொல் லோமெ, அதாவது இரவு.

எல்ஃப்கள் கண்விழித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது சூரியனும் இல்லை, நிலவும் இல்லை. குய்வியேனென் நீர்க்கரையில் விழித்தவர்கள் முதலில் பார்த்தது விண்மீன்களை. 'எலெ' என்று வியந்தார்கள். அந்த வியப்பொலியிலிருந்தே விண்மீனுக்கு 'எலென்' என்ற பெயர் பிறந்தது. அப்படிப்பட்ட மக்களுக்கு இரவு எப்படிப் பயமாக இருக்கும்? அவர்கள் பிறந்த வீடே அதுதானே.

லோமெயின் பழைய வடிவம் டோமெ. எல்ஃப் மொழிகளில் முக்கியமானவை குவென்யா, சிண்டரின் என்ற இரண்டு. குவென்யாவில் சொல்லின் தொடக்கத்தில் வந்த பழைய 'ட' ஒலி 'ல' ஆகிவிட்டது, அதனால் லோமெ. சிண்டரினில் அந்த 'ட' அப்படியே நின்றது, ஆனால் கடைசி அசை தேய்ந்து வெறும் 'டூ' என்று குறுகிவிட்டது. குவென்யாவிலேயே பழைய ஒலி ஒளிந்திருக்கும் இடங்களும் உண்டு. முன்னால் 'ன்' வந்தால் 'ட' தப்பித்துக்கொள்ளும். விடியலுக்கு முந்தைய மங்கல் வேளை டின்டோமெ, அந்தி மயங்கும் வேளை உன்டோமெ. எல்ஃப் குலப்பெண் அர்வெனுக்கு உன்டோமியெல், அந்தி விண்மீன், என்ற பட்டப்பெயர் வந்தது இங்கிருந்துதான். இப்படி ஒரு வேர் இரண்டு மொழிகளிலும் வெவ்வேறு முகத்தோடு வருவதை முதல் முறை கவனித்தபோது, அன்று முழுவதும் எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

இன்னும் ஒன்று. குவென்யாவில் நைட்டிங்கேல் பறவைக்கு லோமெலின்டெ என்று பெயர், இரவில் பாடுவது. சிண்டரினில் அதுவே டூலின். பெரென் என்ற மனிதன் எல்ஃப் இளவரசி லூத்தியெனைக் கண்டதும் அழைத்த டினூவியெல் என்ற பெயருக்கும் பொருள் அந்திமாலையின் மகள், அதாவது அதே பறவை. அதற்குள்ளும் இந்த வேர்தான் உறங்குகிறது. டோல்கீனின் உலகில் ஆக அழகான பெண்ணான லூத்தியெனின் பெயருக்குள் இருட்டு இருக்கிறது!

1945-46 வாக்கில் அவர் எழுதி முடிக்காமல் விட்ட ஒரு கதையில் ஒரு பாத்திரம் இதை வெளிப்படையாகவே பேசுகிறது. லோமெ அமைதியும் அழகும் உள்ள சொல், இருட்டில் தட்டுத் தடுமாறும் பயம் அதில் இல்லை என்ற கருத்தில். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் மரத்தாடி என்ற என்ட், அதாவது மரங்களைக் காக்கும் மர உருவம், தன் காட்டைப் பற்றிச் சொல்லும் நீண்ட சொற்கோவையில் மட்டும் லோமெ கொஞ்சம் இறுக்கமாக, நிழலடர்ந்த என்ற பொருளில் வருகிறது. ஆனால் அது ஓர் என்ட் எல்ஃப் சொற்களைத் தன் போக்கில் கோத்தது. எல்ஃப் வாயிலிருந்து வந்ததாக நான் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, மொர் மட்டும் பிறவியிலேயே கெட்டதா? இல்லை. அடிப்படையில் அது நிறம். டூரின் என்ற மனித வீரனின் தாய் மொர்வெனின் பெயருக்குப் பொருள் கருநிறப் பெண் என்பதுதான். அவளை யாரும் தீயவள் என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லின் மேல் கறை படிந்தது பிறகுதான். தந்தை கொல்லப்பட்டார், தான் செய்த சில்மரில் மணிகள் களவுபோயின என்று கேட்ட எல்ஃப் இளவரசன் பெயனோர், அதைச் செய்த தீய சக்தியான மெல்கோரைச் சபித்து மொர்கொத் என்று பெயரிட்டான். ஒருவனின் துயரம் ஒரு சொல்லின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது.

அந்தக் கறை எல்ஃப்கள் மேலேயே தெறித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சூரியனும் நிலவும் வருமுன் தெய்வங்களின் நாட்டில் ஒளிவிட்ட இரண்டு மரங்களின் ஒளியைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களை மொரிக்வெந்தி, இருளின் எல்ஃப்கள் என்று அழைத்தார்கள். முதலில் அது வெறும் விவரமாக இருந்திருக்கலாம், ஆனால் போகப்போக வசவாகிவிடுகிறது. பெயனோரின் மகன் கரான்திர், மன்னன் திங்கோலைக் குகைக்குள் கிடக்கும் இருண்ட எல்ஃப் என்று ஏசுகிறான். திங்கோல் மரங்களின் ஒளியைக் கண்ணால் பார்த்துத் திரும்பியவர். வசவு உண்மையே இல்லை. ஆனால் அதற்குள் அந்தச் சொல்லுக்கு உண்மை தேவைப்படவில்லை.

உண்மையிலேயே பயப்பட வேண்டிய இருளுக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. ஹூய்னெ என்றால் அடர்ந்த இருண்மை. சிண்டரினில் ஃபுயின், டவுர்-நு-ஃபுயின் என்ற பயங்கரக் காட்டின் பெயரில் வருவது. 1930களில் அவர் எழுதிய வேர்ச்சொல் பட்டியலில் உங்வெ என்றால் இருண்மை. 1955-இல் வெளியான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பின்னிணைப்பில் அதே சொல் சிலந்தி வலை ஆகிவிட்டது. மரங்களின் ஒளியைக் குடித்த உங்கோலியன்ட் என்ற சிலந்தியை நினைத்தால் இரண்டு பொருளும் ஒன்றாகவே தெரியும். அவள் நெய்த இருள் ஒளி இல்லாமை மட்டுமில்லை, தானே ஒரு பொருளாக நின்றது. க்வாத் வெறும் நிழல், அதை நம்பி உட்காரலாம்.

அதனால்தான் தமிழில் இவை எல்லாவற்றையும் 'இருள்' என்ற ஒரே பானையில் போடாதீர்கள் என்று கேட்கிறேன். லோமெக்குக் கங்குல் என்று நான் எழுதுவேன். ஹூய்னெக்குக் காரிருள். மொர் வரும் இடத்தில் கருமை போதும், மற்றதை அந்தக் கதையே பார்த்துக்கொள்ளும்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் எல்ஃப் தலைவி கலாட்ரியெல் விடைகொடுத்துப் பாடும் பாட்டை இந்தக் கண்ணோடு மறுபடி படித்தேன். அங்கே பாதைகளை மூழ்கடிப்பது லும்புலெ, கனத்த நிழல். அலைகளின் மேல் கிடப்பது மொர்னியெ, மொர் வேரிலிருந்து வந்த சொல். விண்மீன்கள்கூட வருகின்றன, ஆனால் எட்டாத தொலைவில். லோமெ அந்தப் பாட்டில் ஒரு முறைகூட வரவில்லை.