நானோ இழைக்குள் நொதி நிரந்தரமாகப் பூட்டப்படுவதில்லை
நொதியைப் பாலிவினைல் ஆல்கஹால் கரைசலில் கலந்து மின்நூற்பு செய்துவிட்டால் (உயர் மின்னழுத்தத்தால் கரைசலை மிக நுண்ணிய இழைகளாக இழுத்துச் சவ்வாக்கிவிட்டால்), அது இழைக்குள் நிரந்தரமாகப் பூட்டப்படும் என்றும், அதன் செயல்திறன் சிறிதும் குறையாது என்றும் ஒரு கருத்து உண்டு. இதன் இரு பகுதிகளுமே திருத்தப்பட வேண்டியவை.

பாலிவினைல் ஆல்கஹால் நீரில் கரையக்கூடிய பாலிமர். அப்படியே நூற்றெடுத்த சவ்வைத் தாங்கல் கரைசலில் (pH அளவை நிலையாக வைக்கும் நீர்க்கரைசலில்) இட்டால், அது சுருங்கிக் கூழாகி, நொதியையும் வெளியே விட்டுவிடும். இதைத் தடுக்கவே குளூட்டரால்டிஹைடு ஆவியில் வைத்துக் பாலிமர்ச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பு உண்டாக்குகிறார்கள்; ஆனால் அந்த ஆல்டிஹைடு பாலிமரோடு நிற்பதில்லை, நொதியில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமினோ தொகுதிகளையும் பிணைப்பதால், பிணைப்பு நேரம் கூடக்கூடக் கசிவு குறைவதைப் போலவே செயல்திறனும் குறையக்கூடும். பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதுதான்.

இழையின் உட்பகுதியில் புதைந்த நொதியை, அது மாற்ற வேண்டிய வினைப்பொருள் ஊடுருவித்தான் அடைய வேண்டும் என்பதால், பெரிய மூலக்கூறுகளின் வினை மந்தமாகிறது. மாறாக, கரையாத பாலிமர் இழையை முதலில் நூற்று, பின்னர் அதன் மேற்பரப்பில் நொதியைச் சகப்பிணைப்பால் பொருத்தினால் இத்தடை பெருமளவு நீங்கும். நூற்பின்போது பயன்படும் கரிமக் கரைப்பானையும் நொதி சந்திக்க நேராது.

நொதி சவ்விலேயே நிற்கிறது என்பதற்கு, “அதே சவ்வைப் பத்து முறை பயன்படுத்தினோம்” என்ற கூற்றும் தனியே போதாது. கழுவிய நீரில் புரத அளவையும் நொதிச் செயல்பாட்டையும் சோதித்தால்தான், வினை நடந்தது சவ்விலா, கசிந்த நொதியாலா என்பது தெரியும்.