பிரஷர் பிளேட் மட்டும் பார்த்தால் போதாது

ஸ்லெட் (எடை ஏற்றிய சறுக்கு வண்டி) இழுக்கிற போட்டிக்குப் போகும் டீசல் டிரக்கின் கிளட்சுக்கு, தட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டை அழுத்தம் கூடினதாகப் போட்டால் போதும் என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. பாதிதான் சரி. ஸ்லெட்டின் எடைப்பெட்டி ஓட ஓட முன்னுக்கு நகரும். வழக்கமான 300 அடி ஓட்டம் முடியப்போகிற இடத்தில்தான் சுமை உச்சம். அங்கே கிளட்ச் வழுக்கினால் ஓர்கானிக் தட்டு (சாதாரண வண்டிகளில் வரும் நார்-பிசின் உராய்வுத் தட்டு) கருகி, மேற்பரப்பு கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். பிறகு எங்கே பிடிக்கிறது? செரமிக் அல்லது சின்டர்ட் இரும்பு (தூளை அழுத்திச் சுட்டது), அதுவும் இரட்டைத் தட்டு என்றால் சூடு தாங்கும். ஆனால் வெடுக்கென்று பிடிக்கும். கொழும்பு மருதானை நெரிசலில் அதோடு ஓட்டிப் பாருங்கள், இடது கால் கழன்றுவிடும்! பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மலிவாய்த் தேடுகிற நம்மாட்களுக்கு ஒன்று: இந்த விளையாட்டுக்குப் பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீல் (எஞ்சினோடு சுற்றும், கிளட்ச் பற்றுகிற கனத்த சக்கரம்) வேண்டவே வேண்டாம், வேகத்தில் சிதறும். எஃகுதான், சுற்றிவரக் கவசமும் வேண்டும்.