பெரிய வீட்டை விட்டு வந்த கதை

சென்னையின் புறநகரான நாவலூரில் 1,250 சதுர அடி அடுக்குமாடி வீட்டைக் காலிசெய்துவிட்டு, நகருக்குள் மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளியில் 620 சதுர அடி பழைய வீடொன்றுக்கு வாடகைக்கு வந்து ஓராண்டு ஆகிறது. நொடித்துப்போய்விட்டோமா என்று கேட்காத குறையாக உறவினர்கள் விசாரிப்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த 1,250 என்பது படிக்கட்டு, லிஃப்ட், நடைவழி ஆகியவற்றில் எங்கள் பங்கையும் சேர்த்த அளவு. நாங்கள் புழங்கிய தரை ஏறக்குறைய 900 சதுர அடிதான். கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரையின் அளவைக் கொண்டே வீட்டை விற்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் சொன்ன பிறகும், பேச்சுவழக்கில் அந்தப் பெரிய எண்ணே நிற்கிறது. அதில் ஓர் அறை, வருடத்தில் நான்கு நாள் வரும் விருந்தினருக்காகப் பூட்டிக் கிடந்தது.

என்னை இடம்பெயர வைத்தது அம்மாதான். எழுபத்தொரு வயதாகும் அவர், ஒரு கட்டுக் கொத்தமல்லிக்குக்கூட ஆறு வழிச் சாலையைக் கடக்க அஞ்சி, ஞாயிற்றுக்கிழமை நான் காரை எடுக்கும்வரை காத்திருப்பார். இப்போது விடியற்காலையில் தனியாகக் கபாலீசுவரர் கோயிலுக்கு நடந்துபோய், தெற்கு மாடவீதியில் கீரையைப் பேரம்பேசி வாங்கி, தெரிந்தவர் யாரையாவது பார்த்துப் பேசிவிட்டுத் தாமதமாகத் திரும்புகிறார். என்னிடம் எதற்கும் அனுமதி கேட்பதில்லை என்பதில் எனக்குச் சிறு வருத்தமும் உண்டு!

2004இல் திருமயிலையிலிருந்து திருவான்மியூர்வரை நீட்டிக்கப்பட்ட பறக்கும் ரயில் பாதையில் எங்கள் நிலையம் எட்டு நிமிட நடைதான் என்பதால், மனைவி திருவல்லிக்கேணி அலுவலகத்துக்கு அதிலேயே போய்வருகிறார். வாடகை 4,000 ரூபாய் கூடியது; காரை விற்றதில் அது சரியாகிவிட்டது.

நடப்பது இங்கே சுகம் என்று சொல்லமாட்டேன். நடைபாதையில் பாதியை மின்பெட்டியும் மீதியை இருசக்கர வாகனங்களும் எடுத்துக்கொள்ள, மெட்ரோ பணிக்கான தடுப்புகளைச் சுற்றிச் சாலையில் இறங்கித்தான் நடக்கிறோம். தியாகராய நகரின் கடைவீதியான பாண்டி பஜாருக்கு 2019இல் கிடைத்த அகன்ற நடைபாதையில் கால்பங்கு கிடைத்தாலும் போதும்.

என் உண்மையான குறை வேறு. எங்கள் தெருவில் இடிக்கப்பட்ட மூன்று பழைய கட்டடங்களிலும் இரண்டு அறை வீடுகள் இருந்தன; அவற்றின் இடத்தில் எழுந்தவற்றில் 1,500 சதுர அடிக்குக் குறைந்த வீடு ஒன்றுகூட இல்லை, தரைத்தளம் முழுவதும் கார்கள். கடையும் கோயிலும் ரயிலும் காலடியில் இருக்கும் பேட்டையில் காரில்லாதவர்கள் வாழக்கூடிய சிறிய வீடுகளைக் கட்டாமல், அவர்களை நாவலூருக்கு அனுப்பிக் கார் வாங்கவைப்பது எனக்குப் புரியவில்லை.

எங்கள் கட்டடத்தையும் ஒரு பில்டர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று வீட்டு உரிமையாளர் போன வாரம் சொன்னார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.