டி சோதனை இருக்கட்டும், முதலில் எலியை எண்ணுங்கள்

உயிரியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துகிறவர்கள் சராசரி, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு), உடனே டி சோதனை (இரண்டு குழுக்களின் சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசம் வெறும் தற்செயல்தானா என்று பார்க்கும் கணக்கு) என்று ஓடிவிடுகிறார்கள். சூத்திரம் மனப்பாடம் ஆகிவிடுகிறது. ஆனால் "உன் சோதனையில் மாதிரி அளவு எத்தனை?", அதாவது ஒன்றையொன்று சாராத தனித்தனி மாதிரிகள் எத்தனை என்று கேட்டால் பலர் திருதிருவென்று விழிக்கிறார்கள். என்னைக் கேட்டால், பாடமே அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

மருந்து கொடுத்த எலி 3, கொடுக்காத எலி 3 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு எலியிலும் 50 செல்களை நுண்ணோக்கியில் பார்த்து அளக்கிறீர்கள். எக்செல்லில் 150-க்கு 150 என்று ஒட்டி டி சோதனை போட்டால் பி மதிப்பு (மருந்தால் எந்த மாற்றமும் இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு) 0.001-க்குக் கீழே போய் நிற்கலாம். சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் மருந்து கொடுத்தது எலிக்கு, செல்லுக்கு இல்லையே! ஒரே உடம்பில் இருந்து வந்த 50 செல்களும் ஒன்றையொன்று ஒத்துத்தான் இருக்கும். ஆகவே மாதிரி அளவு குழுவுக்கு 3, அவ்வளவுதான். எலிக்கு ஒரு சராசரி எடுத்து அந்த ஆறு எண்களை ஒப்பிடுங்கள். 50 செல்லை 500 ஆக்கினால் அந்த எலியைப் பற்றி இன்னும் துல்லியமாகத் தெரியும். எலிக்கு எலி எவ்வளவு மாறும் என்பது தெரியாது.

இது மாணவர்கள் மட்டும் செய்கிற தவறும் இல்லை. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் 176 களச் சோதனை ஆய்வுகளை அலசினார். புள்ளியியல் சோதனை போட்டிருந்தவற்றில் 48 சதவீதத்தில் இதே கோளாறு.

சரி, வெறும் 3 வைத்துக்கொண்டு என்ன செய்வது? டி சோதனை பிறந்ததே சின்ன மாதிரிகளுக்காகத்தான். கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காஸெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908இல் அதை வெளியிட்டார். ஆக, எண்ணிக்கை குறைவு என்பதற்காக வெட்கப்பட வேண்டாம். அதை ஊதிப் பெரிதாக்கினால்தான் வம்பு.

முதல் வகுப்பில் கால்குலேட்டரே வேண்டாம். தொட்டித் தண்ணீரில் மருந்து கலந்தால் எண்ண வேண்டியது மீனையா, தொட்டியையா? கர்ப்பிணி எலிக்கு ஊசி போட்டுக் குட்டிகளை எடை பார்த்தால் கணக்கு குட்டிக்கா, தாய்க்கா? இப்படிப் பத்துச் சோதனைகளைக் கொடுத்து வாதாட விடுங்கள். டி சோதனையை அப்புறம் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம்.