ஆல்ஃபாஃபோல்டு புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதா?

"எல்லாப் புரதங்களின் வடிவத்தையும் ஏஐ கணித்துவிட்டது, புற்றுநோய்க்கு மருந்து தயார்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. சிகிச்சையில் இருப்பவர்களுக்கே இதை அனுப்புவதுதான் வேதனை.

2022-ல், புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஏஐ மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டின் 20 கோடிக்கும் அதிகமான கணிப்புகள் வெளியானது உண்மை. ஆனால் வடிவம் வேறு, மருந்து வேறு.

செல்கள் புற்றாக மாறாமல் தடுக்கும் பி53 புரதத்தைப் பாருங்கள். ஏறக்குறைய பாதிப் புற்றுநோய்களில் அதன் மரபணு பழுதாகியிருக்கும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; பி53-இல் 175-ஆம் அமினோ அமிலம் மாறினால் புரதத்தின் மடிப்பே குலையலாம். 273-ஆவது மாறினால் மடிப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும், டிஎன்ஏவைப் பிடிக்கும் திறன் போய்விடும். இப்படிப்பட்ட ஒற்றை மாற்றங்களின் விளைவைச் சொல்வதற்காக ஆல்ஃபாஃபோல்டு உருவாக்கப்படவில்லை.

சரி, வடிவம் தெரிந்தால் மருந்து உடனே வருமா? செல் வளர்ச்சியைத் தூண்டும் கேராஸ் புரதத்தின் ஜி12சி மாற்றத்தில் (12-ஆம் அமினோ அமிலம் மாறுவது) மருந்து ஒட்டக்கூடிய பள்ளம் 2013-ல் தெரியவந்தது. அந்தப் பள்ளத்தில் ஒட்டும் சோட்டோராசிப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2021-ல். அதுவும் அந்த ஒரு மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும்.